அம்மாவுக்கு வீல்சேரா, ஸ்கூட்டரா? தீம் பார்க் பயணத்துக்கு வாடகைக்கு எடுப்பது பற்றி

கேள்வி / 2024 பிப்ரவரி 4

அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சிருக்கு. வீட்டுக்குள்ள, பக்கத்துக் கடைக்கெல்லாம் நடந்துடுவாங்க. மே மாசம் குடும்பத்தோட அஞ்சு நாள் தீம் பார்க் போறோம். வீல்சேர்னு பேச்செடுத்தாலே "எனக்கென்ன கால் போயிடுச்சா"ன்னு கோபம் வருது. வாடகைக்கு எடுத்தே ஆகணுமா, அங்கங்கே உட்கார்ந்து சமாளிச்சுடலாமா? எடுத்தா வீல்சேரா, ஸ்கூட்டரா (நடக்க முடியாதவங்க உட்கார்ந்தே ஓட்டற சின்ன பேட்டரி வண்டி)? வாசல்லயே கிடைக்கும்னு சொல்றாங்களே?

பிப்ரவரி 4, இரவு 9.40

அங்கங்கே உட்கார்ந்தெல்லாம் சமாளிக்க முடியாது. எடுங்கள்.

நாங்களும் அப்படி நினைத்துத்தான் கிளம்பினோம். என் அப்பாவும் வீட்டில் நடப்பார், மாடி ஏறுவார், கடைக்குப் போய் வருவார். கடைக்குப் போய்வர எத்தனை அடி? ஆயிரம் இருக்குமா? தீம் பார்க்கில் முதல் நாள் ராத்திரி என் போன் காட்டியது 19,400. கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். அதுவும் காலாற நடந்த நடை இல்லை. பாதி நேரம் வரிசையில் நின்று, இரண்டடி நகர்ந்து, மறுபடி நின்றது. தேய்ந்த முழங்காலுக்கு நடப்பதைவிட இந்த நிற்பதுதான் எமன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பா ஒரு பூச்செடித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கால் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்றார். நாங்களும் போனோம். மூன்று மணி நேரம் கழித்து வந்தால் அதே தொட்டி, அதே இடம், மடியில் நாலு பை. நிழல் நகர்ந்து வெயில் நேராக அவர் மேல் அடித்துக்கொண்டிருந்தது. பையை விட்டுவிட்டு நகரக் கூடாது என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு தூரம் கூட்டிப் போய் அவரைப் பைக்குக் காவல் வைத்தோம். இரண்டு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் அம்மாவால் நடக்க முடியுமா என்று யோசிக்காதீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கை, கண் இரண்டும் நன்றாக இருக்கிறது என்றால் ஸ்கூட்டர்தான். யோசிக்கவே வேண்டாம்.

பிப்ரவரி 5, காலை 7.15

"யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். படுத்த பிறகு அப்பாவின் இரண்டாவது நாள் ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது.

பை காத்த அன்று ராத்திரியே முடிவெடுத்து, மறுநாள் காலையில் பூங்கா வாசலில் ஸ்கூட்டர் எடுத்தோம். அப்பா நாற்பது வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். இது என்ன பிரமாதம் என்று ஏறி உட்கார்ந்தார். அங்கேதான் நாங்கள் தப்புக் கணக்குப் போட்டோம். இந்த வண்டியில் ஹேண்டிலுக்குக் கீழே ஒரு லீவர். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி போகும். விட்டுவிட்டால் தானாக பிரேக் பிடித்து நின்றுவிடும். சின்ன வாடகை வண்டிகளில் தனியாக பிரேக் என்று பெரும்பாலும் கிடையாது. இப்போது யோசித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் என்ன செய்வார்? கையை இறுக்கிப் பிடிப்பார். இதில் இறுக்கினால் வண்டி இன்னும் போகும்!

அப்பா இறுக்கினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹேண்டிலைத் திருப்பியதில் வண்டி குப்பைத் தொட்டியில் போய் மோதி நின்றது. பழைய பக்கவாதத்தின் மிச்சமாக அவருக்கு இடது கை கொஞ்சம் சொன்னபடி கேட்காது. பதற்றத்தில் அந்தக் கை லீவரை விடவே இல்லை. நான்தான் ஓடிப்போய் விரல்களைப் பிரித்துவிட்டேன். அந்தக் கை எவ்வளவு சில்லென்று இருந்தது என்பது இப்போதும் தெரிகிறது.

போன வருஷம் அத்தை (என் வீட்டுக்காரரின் அம்மா, 72 வயது). வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாதவர். பதினைந்து நிமிஷத்தில் பழகிவிட்டார். விட்டால் நிற்கும் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார், மறப்பதற்கு அவரிடம் பழைய பழக்கம் எதுவும் இல்லை.

ஆகவே வண்டி ஓட்டியவரா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூட்டமில்லாத இடத்தில் இருபது நிமிஷம் ஓட்டவிட்டுப் பாருங்கள். நடுவில் நீங்களே "நில்லுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அப்போது கை விடுகிறதா, இறுகுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பிப்ரவரி 5, இரவு 10.05

காலையில் எழுதியதன் மிச்சம்.

அன்றைக்கே ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீல்சேர் எடுத்தோம். வீல்சேரில் இரண்டு வகை. பின்சக்கரம் பெரியது, 24 அங்குலம். உட்கார்ந்திருப்பவரே வளையத்தைப் பிடித்து உருட்டிக்கொள்ளலாம். இன்னொன்று நாலும் சின்னச் சக்கரம். யாராவது தள்ளினால்தான் உண்டு. சின்னச் சக்கர வண்டி லேசானது, காரில் ஏற்ற சுலபம் என்று கடைக்காரர்கள் அதையே நீட்டுவார்கள். பூங்காவுக்கு அது வேண்டாம். கல் பதித்த தரையில் தடதடவென்று முதுகை உலுக்கும், சின்னப் பள்ளத்துக்கெல்லாம் முரண்டு பிடிக்கும். பெரிய சக்கரம் உருண்டு போய்விடும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பெரிய சக்கரம் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் தானே ஒரு அடியாவது திரும்பிக்கொள்ளலாம். சின்னச் சக்கர வண்டியில் நீங்கள் எந்தப் பக்கம் நிறுத்துகிறீர்களோ அந்தப் பக்கம்தான் அவர் பார்க்க வேண்டும். எங்களுக்கு அன்றைக்கு முதலில் கிடைத்தது சின்னச் சக்கரம். நான் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன், அப்பாவை ஓரமாக நிறுத்தி பிரேக் போட்டுவிட்டு. திரும்பி வந்து பார்க்கிறேன், சுவரைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். பின்னால் ஊரே சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறது, அவர் பத்து நிமிஷமாக வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கே நிறுத்தினாலும் "எந்தப் பக்கம் பார்க்கணும்ப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரேக் போட்டேன்.

தள்ளுகிறவர் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண இரும்பு நாற்காலியே 16, 18 கிலோ. அப்பா 70. சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் முழு உடம்பும் சாய்ந்து தள்ள வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியின் முதுகு இறக்கத்தைப் பார்க்கும்படி திருப்பி, நீங்கள் கைப்பிடியை விடாமல் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி இறங்க வேண்டும். நேராக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார், கைப்பிடி உங்கள் கையை விட்டுப் போனால் அவ்வளவுதான். தரையில் டிராம் தண்டவாளம் போட்டிருக்கும் பூங்காக்கள் உண்டு. அதைச் சாய்வாகக் கடக்காதீர்கள், முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். இது ஸ்கூட்டருக்கும் பொருந்தும்.

இரண்டு பேராவது மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் மூன்றாம் நாள் அவருக்கும் ஒரு வீல்சேர் வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 9

வாசலில் எடுப்பதா, வெளியே எடுப்பதா?

நாங்கள் இரண்டும் செய்திருக்கிறோம். வாசலில் எடுத்தால் காசைக் கட்டி ஏறி உட்கார வேண்டியதுதான். பழுதானால் அங்கேயே மாற்றித் தருவார்கள், ராத்திரி சார்ஜ் போடும் வேலை இல்லை. ஆனால் நாங்கள் போன பூங்காவில் முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கே. கூட்ட நாளில் ஸ்கூட்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் மூன்றாம் நாள் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனோம், வாசலில் ஸ்கூட்டர் ஒன்றுகூட மிச்சமில்லை. அடுத்தது, அந்த வண்டி வாசலைத் தாண்டாது. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை நடை, சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு வாசலிலிருந்து கார் வரை மறுபடி நடை. நாளின் கடைசி, கால் நைந்து போயிருக்கும் நேரம். அந்தக் கடைசி அரை கிலோமீட்டரில்தான் அப்பா இரண்டு தடவை நின்றார்.

வெளியே எடுத்தால் தங்குமிடத்துக்கே கொண்டுவந்து தருவார்கள், பயணம் முழுக்க வண்டி உங்களோடு இருக்கும். அத்தைக்கு அதைத்தான் செய்தோம். அஞ்சு நாள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். எடுக்கும் முன் போனில் கேட்டுக்கொள்ள வேண்டியது: வழியில் நின்றுவிட்டால் பூங்காவுக்குள் வந்து மாற்றித் தருவார்களா, எத்தனை மணி நேரத்தில், மழையில் நனைந்து கெட்டால் யார் செலவு, டெபாசிட் எப்போது திரும்பும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கொண்டுவந்து வைத்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்களுக்கு முதலில் வந்த வண்டி பார்க்கப் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது, பேட்டரி மட்டும் கிழடு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

அளவு கேட்டிருந்தீர்கள். நாற்காலியில் உட்காரும் அகலம் 16, 18, 20, 22 அங்குலம் என்று வரும். 18தான் எல்லா இடத்திலும் கிடைப்பது. அம்மாவைக் கெட்டியான நாற்காலியில் உட்காரச் சொல்லி, இடுப்பு அகன்ற இடத்தில் இரண்டு பக்கமும் புத்தகத்தை நிறுத்தி நடுவே அளந்து, இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அகலம் வேண்டாம், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டர் என்றால் எடை தாங்கும் அளவையும் கேளுங்கள். உடம்பு எடையோடு பை எடையும் சேரும்.

பிப்ரவரி 18

பேட்டரி.

சின்ன ஸ்கூட்டர்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு கோத்து 24 வோல்ட்டாக ஓடும். "ஒரு சார்ஜில் 15 கிலோமீட்டர்" என்றால் அது புது பேட்டரி, சமதரை, லேசான ஆள். மேடு, எடை, பேட்டரியின் வயது எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். பூங்காவில் நின்று நின்று போவது வேறு. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கரண்ட் கூடுதலாக இழுக்கும்.

ஹேண்டிலில் இருக்கும் பேட்டரி முள்ளை நம்பி ஏமாந்தோம். நின்றுகொண்டிருக்கும்போது பார்த்தால் பச்சையில் இருக்கிறது. மேடு ஏறும்போது சிவப்புக்கு விழுகிறது. மறுபடி நிறுத்தினால் பச்சைக்கு வந்துவிடுகிறது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அது பேட்டரி ஓய்வெடுத்ததும் வோல்ட் கொஞ்சம் ஏறுவதால் தெரியும் மாயம். ஓடும்போது, அதுவும் மேட்டில், முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மை. முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அத்தை ஒரு பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். ஏற்றத்தில்.

என் வீட்டுக்காரர் போனில் கடைக்காரரைப் பிடித்தார். அவர்தான் சொன்னார், பின்னால் மோட்டார் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும், அதை மாற்றினால் சக்கரம் மோட்டாரிலிருந்து விடுபட்டு கையால் தள்ளிக்கொண்டு போகலாம் என்று. உண்மைதான். ஆனால் அப்படி மாற்றியதும் வண்டிக்கு பிரேக்கே கிடையாது. பாலத்தின் ஏற்றத்தில், அத்தை மேலே உட்கார்ந்திருக்கும்போதே இவர் லீவரில் கை வைக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் ஆளை இறக்குங்கள், வண்டியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு லீவர். சமதரை வரும் வரை அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாயங்காலம் வேறு வண்டி வந்தது, அது மிச்ச நாளெல்லாம் ஓடியது.

ராத்திரி எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். பாதிதானே இறங்கியிருக்கிறது, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பது வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரிக்கு தினம் நிரப்புவதுதான் நல்லது. முழுதாக ஏற ஒரு ராத்திரி வேண்டும். பிளக்கைச் சொருகியதோடு போகாதீர்கள், சார்ஜரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். அறைக் கதவருகே சுவிட்சை அணைத்தால் சில இடங்களில் அந்தப் பிளக்கும் சேர்ந்து அணையும்.

பிப்ரவரி 18, கொஞ்ச நேரம் கழித்து

மழை வந்தால் ஹேண்டில் பெட்டியை மட்டுமாவது பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். சீட்டையும்தான். நனைந்த ஸ்பாஞ்சில் நாள் முழுக்க உட்கார முடியாது.

பிப்ரவரி 20

சாவி. ரைடுக்குப் போகும்போது சாவியை எடுத்துக்கொண்டு போகிறோம், வண்டி பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஒரே மாடல் வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே சாவிதான். திருடுபோவது இருக்கட்டும், தெரியாமல் மாற்றி எடுத்துக்கொண்டு போவதுதான் அதிகம். ஐம்பது சிவப்பு வண்டி வரிசையாக நிற்கும், ஊழியர்கள் இடம் மாற்றியும் வைப்பார்கள். அத்தை தன் பச்சைத் துப்பட்டாவைக் கிழித்து ஹேண்டிலில் ஒரு முடிச்சுப் போட்டார். தூரத்திலிருந்தே தெரிந்தது.

மார்ச் 2

வீல்சேர் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாமா என்று உங்கள் தங்கை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. வரிசைப் பாதை அகலமாக இருந்தால் நாற்காலியோடு எல்லாரும் போகும் வழியிலேயே போக வேண்டும், அதே நேரம் காத்திருக்க வேண்டும். பாதை குறுகலாக இருக்கும் பழைய ரைடுகளில் வேறு வாசல் காட்டுவார்கள், அங்கேயும் நேரம் குறித்துக் கொடுத்து பிறகு வரச் சொல்வதுண்டு. வரிசையில் நிற்கவே முடியாத நிலைக்கு, ஆட்டிசம் போன்றவற்றுக்கு, பூங்காக்களில் வேறு ஏற்பாடு இருக்கும். அது தனி, நாற்காலி வாடகை தனி. வரிசையைத் தாண்டுவதற்காக நாற்காலி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் நிஜமாகத் தேவைப்படுகிறவர்களை எல்லாரும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் வரும்.

வரிசையில் நாற்காலியின் பயன் ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்துகொண்டு காத்திருக்கலாம். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அது போதும், அதுதான் தேவை.

ரைடில் ஏறும்போது என்ன என்பதை ரைடு ரைடாக முன்பே பார்த்துவிடுங்கள். சிலவற்றில் நாற்காலியோடு அப்படியே ஏற்றிக்கொள்வார்கள். பலவற்றில் எழுந்து, ரைடின் சீட்டுக்கு மாறி உட்கார வேண்டும். ஸ்கூட்டரோடு உள்ளே விடாத இடங்களில் வாசலில் சாதா வீல்சேர் வைத்திருப்பார்கள், அதில் மாறிக்கொண்டு போகலாம். ஊழியர்கள் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்க மாட்டார்கள், அது நம் வேலை. சீட் தாழ்வாக இருந்தால் உட்காருவது சுலபம், எழுவதுதான் பாடு. வீட்டில் ஒரு தாழ்வான முக்காலியில் அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். எழ முடிகிற உயரம் எது என்று தெரிந்துவிட்டால் பாதி ரைடுகளுக்கு விடை கிடைத்துவிடும். ரைடு நடுவழியில் நின்றால் படியிறங்கி நடந்து வெளியேற வேண்டியிருக்குமா என்பதையும் கேளுங்கள்.

மார்ச் 3

நேற்று எழுதி முடித்துவிட்டு என் பையனுக்கு ஒன்று படித்துக் காட்டினேன், இங்கேயும் போடுகிறேன். காரில் ஏற்றக்கூடிய லேசான மடக்கு வீல்சேரைச் செய்தவர்கள் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற இரண்டு நண்பர்கள், 1933இல். எவரெஸ்ட் சுரங்க விபத்தில் முதுகெலும்பு அடிபட்டவர். அதற்கு முன்னாலும் சக்கர நாற்காலி இருந்தது, ஆனால் பெரும்பாலும் கனமானது, காரில் ஏற்றுவது கஷ்டம். ஸ்கூட்டர் 1968இல் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீம் என்பவர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) வந்த தன் குடும்பத்தார் ஒருவருக்காகச் செய்தது.

இரண்டுமே வீட்டோடு கிடக்காமல் வெளியே போய்வர வேண்டும் என்று செய்யப்பட்டவை. "எனக்கென்ன கால் போயிடுச்சா" என்று அம்மா சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள். என் அப்பாவிடம் அப்போது சொல்ல எனக்கு இது தெரியாது.

மார்ச் 16

அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை என்கிறீர்கள். அத்தையும் லேசில் சம்மதிக்கவில்லை.

நாங்கள் செய்த முதல் தப்பு, எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டு அவருக்கு அறிவித்தது. "உங்களுக்காக வீல்சேர் சொல்லியாச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அத்தை அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு நான் போய் உட்கார்ந்து அப்பா பை காத்த கதையைச் சொன்னேன். நான் சுவரைப் பார்த்து நிறுத்தியதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "தள்ற நாற்காலி எனக்கு வேணாம். நானே ஓட்டறதுன்னா பார்க்கலாம்" என்றார். நாற்காலி அவருக்குப் பிரச்சினையே இல்லை. அவரை இன்னொருவர் தள்ளிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. இதை நாங்கள் கேட்கவே இல்லையே!

நீங்களும் அம்மாவிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல், எது பிடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பேச்சில் "வண்டி" என்றே சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் சொன்னோம், அஞ்சு நாளும் "அத்தை வண்டி" என்றுதான் பெயர்.

பூங்காவில் எல்லார் பையும் அத்தை வண்டியின் முன்கூடையில்தான். பை இருந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை, அவர் போன இடத்துக்குப் பை போனது. வரைபடத்தையும் அவர் கையில் கொடுத்தோம். அவர் போனார், நாங்கள் பின்னால் போனோம்.

பை என்றதும் ஒரு எச்சரிக்கை. வீல்சேரின் பின்கைப்பிடியில் கனமான பைகளை மாட்டாதீர்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. எழுந்ததும் நாற்காலி அப்படியே மல்லாந்துவிடும். நிற்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் சேர்ந்து விழுவார்.

மார்ச் 17

அம்மாவுக்குக் காலையில் விரல் மடக்க வராது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். நல்லவேளை சொன்னீர்கள். கட்டைவிரலால் நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பது அப்படிப்பட்ட கைக்கு ஆகாது. சில வண்டிகளில் ஹேண்டில் வளையம் மாதிரி சுற்றி வரும், அதில் உள்ளங்கையைச் சாய்த்து வைத்துக்கொண்டு நாலு விரலால் லீவரை இழுக்கலாம், மணிக்கட்டாலும் அழுத்தலாம். அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். நான் முதல் நாள் "கை நன்றாக இருந்தால்" என்று ஒரே வரியில் தாண்டிப் போனது சரியில்லை.

மூன்று சக்கரமா நாலு சக்கரமா என்றால் அம்மாவுக்கு நாலு. மூன்று சக்கரம் குறுகிய இடத்தில் அழகாகத் திரும்பும், வேகமாக வளைத்தால் ஒரு பக்கம் தூக்கும்.

ஏப்ரல் 1

கூட்டம் பற்றிக் கொஞ்சம்.

ஒரு தடவை நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தில் போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு நேரே தெரிவதெல்லாம் முதுகும் இடுப்பும் பையும்தான். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே வருகிறவர் நேராக மடியில் வந்து மோதுகிறார். அதற்கும் மேல், ஊழியர்களும் கடைக்காரர்களும் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டுத் தள்ளுகிறவரிடம்தான் பேசுவார்கள். "இவருக்கு என்ன வேண்டும்?" என்று அப்பாவைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அவர்களும் அவரைப் பார்த்தார்கள்.

அணிவகுப்பு, வாணவேடிக்கை பார்க்க நாற்காலிக்காரர்களுக்கு முன்வரிசையில் தனி இடம் ஒதுக்குவார்கள். சீக்கிரம் நிரம்பிவிடும். முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். மொத்தக் கூட்டமும் ஒரே வாசலுக்குப் பாயும், ஸ்கூட்டரை யார் குதிகாலிலாவது ஏற்றிவிடுவோம். அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

பேரப்பிள்ளையை மடியில் வைத்து ஓட்டக் கூடாது. ஒருவருக்குத்தான் அந்த வண்டி. பிள்ளை லீவரில் கை வைத்தால் போதும். அத்தை அழுகிற பேத்தியையே ஏற்றவில்லை, அவ்வளவு கறாராக இருந்தார்.

இன்னொன்று: நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் தப்பு. அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் சாய்ந்தோ எழுந்து நின்றோ பின்புறத்துக்கு ரத்தம் ஓடவிட வேண்டும். அம்மாவால் நடக்க முடியும் என்கிறீர்கள், பிறகென்ன! வண்டியை நிறுத்திவிட்டு ஆசைப்பட்ட இடத்தில் நடக்கட்டும். எழுந்து நடப்பதைப் பார்த்து யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

ஏப்ரல் 27

சொந்தமாகவே வாங்கி விமானத்தில் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு: போகலாம், ஆனால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் அதைக் கழற்றி விமானத்துக்குள் கையில் கொண்டுபோக வேண்டும், ஒரு பேட்டரி என்றால் 300 வாட் மணி (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வரைதான். 24 வோல்ட், 12 ஆம்பியர் மணி என்றால் பெருக்கினால் 288, தப்பிக்கும். அதற்கு மேல் பெரிசு என்றால் தகராறு. விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதலில் வாடகை வண்டியில் அம்மாவுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 23

நீங்கள் பயணம் முடிந்து திரும்பி வந்து எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முதல் நாள் வேண்டவே வேண்டாம் என்று வீம்பாக நடந்து, மறுநாள் அம்மாவே "அந்த வண்டியை எடு" என்று கேட்டதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

நாலாம் நாள் காலையில் பேட்டரி பச்சையில் இருந்தும் வண்டி நகரவே இல்லை, கடைக்காரர் வரும் வரை ஒரு மணி நேரம் போயிற்று, அவர் வந்து பின்னால் இருந்த லீவரைத் தட்டியதும் கிளம்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான் பிப்ரவரி 18இல் சொன்ன அதே லீவர்தான். ராத்திரி வண்டியை அறைக்குள் தள்ளி வைத்தபோது யாரோ மாற்றிவிட்டு மறந்திருப்பார்கள். தள்ளுவதற்கு அதை மாற்றலாம் என்று எழுதினேனே தவிர, மாறிய நிலையில் வண்டி ஓடாது என்று எழுதவில்லை. அது என் தப்பு. அந்த ஒரு மணி நேரம் அம்மா அறையிலேயே காத்திருந்ததை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டி நகரவில்லை என்றால் முதலில் அந்த லீவர், பிறகு சாவி முழுதாகத் திரும்பியிருக்கிறதா, பிறகு சார்ஜர் பிளக் இன்னும் சொருகியே இருக்கிறதா. இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கடைக்கு போன் பண்ணுங்கள்.

வேகத் திருகு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அம்மா அதைக் கூட்டிக்கொண்டே இருந்தார்கள், நீங்கள் குறைத்துக்கொண்டே இருந்தீர்கள் என்று. ஒரு முனையில் ஆமை படமும் மறுமுனையில் முயல் படமும் போட்டிருக்குமே, அதுதானே? எங்கள் வீட்டிலும் அதே சண்டை. முதல் நாள் நான் ஆமையில் வைத்துக் கொடுத்தேன். தினம் சாயங்காலம் பார்த்தால் திருகு ஒரு நூல் முயல் பக்கம் நகர்ந்திருக்கும். கூட்டத்தில் குறைவாக, காலியான பாதையில் அவர்கள் இஷ்டத்துக்கு என்று கடைசியில் ஒப்பந்தம் ஆனது. முழு வேகம் வைத்தாலும் மணிக்கு 6, 7 கிலோமீட்டர்தான், நீங்கள் வேகமாக நடந்தால் எட்டிப் பிடித்துவிடலாம்.

நீங்கள் எழுதியதை அத்தையிடமும் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பையன்கிட்ட சொல்லு, திருகை அவங்க அம்மா கையிலேயே விட்டுடச் சொல்லு" என்றார்.